வெட்டக் கூடாத மடிப்பு

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஷார்ஜாவில் பைண்டிங் கடையில் வேலை செய்கிறேன்.

ஒரு சீனப் பெண்மணி, தன் குலத்தாரின் பெயர்கள் தலைமுறை வாரியாக உள்ள பழைய புத்தகத்தைத் தைக்கக் கொடுத்தார். முன்னோர்களின் ஊரைத் தேடிப் போக அது ஒன்றுதான் அவருக்கு ஆதாரம். தாள்கள் எல்லாம் வெளி ஓரத்தில் மடிந்தே இருந்தன. வெட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம். அவர் போனதும் பிளேடால் முதல் மடிப்பைக் கீறினேன்.

மறந்த போனை எடுக்கத் திரும்பி வந்தவர் அலறினார்: “பாய், கட் மாஃபி! சைனா புக் ஆல் சேம் சேம்!”

‘மாஃபி’ என்றால் இங்கே ‘கூடாது’. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, மடிப்பு வெளியே இருக்கும்படி தைப்பதே அவர்கள் வழக்கமாம். பிளேடைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். நல்லவேளை, விரல் அகலம்தான் கிழிந்திருந்தது, எழுத்துகள் தப்பின. மெல்லிய தாள் வைத்து ஒட்டிக் கொடுத்தேன்.

தடவிப் பார்த்துச் சிரித்தார்: “அச்சா பாய், கிராண்ட்ஃபாதர் சேஃப்!”

இப்போது எந்தப் புத்தகமானாலும், கொடுத்தவரிடம் கேட்காமல் பிளேடை எடுப்பதில்லை.

கூச்சம் விட்டு இதை எழுதி முடித்தது, ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை.