பப்ளிக்குக்குத் தடை

எங்கள் ஏலக்காய் ஏல மையத்து டேட்டாபேசில் ‘பப்ளிக்’ என்றொரு குழு இருந்தது. அது போடி பஸ் ஸ்டாண்டில் திரியும் ஊர்ச்சனம் என்றே நான் நம்பினேன். ஏல விவரத்தை அவர்கள் பார்ப்பதா என்று அந்தக் குழுவுக்குத் தடை போட்டேன். மறுநிமிடமே மையத்தின் எல்லாத் திரைகளும் முடங்கின. குரங்கணி மலைக்கு ஓடி ஒளிய ஜீப்புகூடத் தேடினேன்.

போடிமெட்டிலிருந்து இறங்கி வந்தார் டேட்டாபேஸ்காரர். ஒல்லி உடம்பு, காதை மூடிய மப்ளர். ஏலக்காய்த் தோலை மென்றுகொண்டேதான் பேசுவார்.

“அப்பு, வெரசா சரி பண்ணு. என் சோலி முடிஞ்சிரும்!” என்று கெஞ்சினேன்.

“இதுல யூசரா பொறந்த எல்லாருமே பப்ளிக்குதாண்ணே. நீங்களுந்தான்.”

“நான் மேனேசருப்பா!”

“மேனேசரு மட்டும் வானத்துல இருந்தா குதிச்சாரு?” என்று தோலைத் துப்பினார்.

ஒரே வரியில் தடையை நீக்கினார். ஏலம் தொடங்கியது. போகும்போது என் அட்மின் அனுமதியையும் எடுத்துவிட்டார். இப்போது என்னால் பார்க்க மட்டுமே முடியும்.