பிள்ளையார் பாட்டுக்கு அடுத்த பாட்டு

எங்கள் பக்கத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, ரேடியோ செட் வாயைத் திறந்தால் முதலில் பிள்ளையார் பாட்டுதான். அந்த ஒரு வழியாகத்தான் நானும் என் சிநேகிதியும் உள்ளே நுழைந்தோம். யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகவே நுழைந்தோம். பெருமையாகவே சொல்கிறேன்.

ஆந்திர எல்லைக்குள் விஜயபுரம் பக்கத்துத் தமிழ்க் கிராமம் எங்களுடையது. ஒரே தெருக்காரிகள். சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனி வந்ததும் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தோம். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். சூப்பர்வைசர் தெலுங்கில் திட்டியதற்கெல்லாம் நான் தமிழில் தாளம் போட்டு வேகமாகத் திருப்பித் திட்டுவேன். அவள் தன் கட்டைக் குரலில் சேர்ந்துகொள்வாள். பஸ்ஸே கைதட்டும். இதற்குத்தான் ராப் என்று பேராம். போனில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அட, தினமும் இதைத்தானே பண்ணிக்கொண்டிருக்கிறோம்!

புத்தூரில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரின் கடையில் ஐந்து பாட்டுப் பதிவு செய்தோம். பென் டிரைவில் ஏற்றி செட்டுக்காரர்களிடம் கொடுத்தால் ஒருத்தரும் போடவில்லை. நகரி செட்டுக்கார அண்ணன் இரண்டு வரி கேட்டுவிட்டு, "இன்னாம்மா இது, பாட்டா? கொழாயடிச் சண்ட மாதிரி கீது" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள்தான் யோசனை சொன்னாள். "காணிப்பாக்கத்துப் புள்ளையாரு மேல ஒண்ணு எழுதலாம்டி. அத்த அவுங்க போட்டுத்தான ஆவணும்?"

"சாமிய வச்சி ஏமாத்தறதா?"

"இன்னா ஏமாத்தறது? அவுரையும் பாடறோம், நம்பளையும் பாடறோம்."

பிள்ளையார் பாட்டை நன்றாகவே எழுதினோம். பென் டிரைவில் முதலில் அது, அடுத்தது எங்கள் பஸ் பாட்டு. செட்டுக்காரர் முதல் பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் இரண்டாவது தானாக ஓடும். ஒரு கல்யாணத்தில் அப்படி ஓடியபோது பந்தியில் இருந்த எங்கள் கம்பெனிப் பெண்கள் எச்சில் கையோடு எழுந்து கூடவே பாடினார்கள். சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அதன்பிறகு அதே நகரி அண்ணன் எங்களைத் தேடி வந்தார். "இது எந்தக் கம்பெனி பாட்டும்மா?"

"எங்க கம்பெனிதாண்ணா," என்றேன். வாயில் வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அன்றைக்கே ஒரு பேர் வைத்து எல்லாப் பாட்டின் ஆரம்பத்திலும் அதைச் சொல்லிச் சேர்த்துவிட்டோம். இரண்டு பெண்கள், ஒரு பழைய லேப்டாப், அவ்வளவுதான் எங்கள் பாட்டுக் கம்பெனி. பாட்டு சித்தூர், பலமனேர் என்று போய்த் திருப்பதி ஷேர் ஆட்டோக்களிலும் ஓடியது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கம்பெனிக்காரர் எனக்குப் போன் செய்தார். பாட்டெல்லாம் வாங்கிக்கொள்கிறோம், உங்கள் குரல் மட்டும் போதும், இன்னொருவர் குரல் எடுபடாது என்றார். நான் முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் மூச்சு விடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வரிகளையும் சேர்த்து நானே பாடிப் பார்த்தேன். நாலு வரி தாண்டவில்லை, மூச்சு முட்டியது. நான் மூச்சு இழுக்கிற இடத்திலெல்லாம் அவள்தான் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை.

சென்னையில் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லி, இரண்டு பேருமாகப் போனோம். ஏசி ரூமில் அந்த ஆள் அதையே அவள் முகத்துக்கு நேராகவும் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கையெழுத்துப் போட்டுடுடி" என்றாள்.

நான் பேப்பரைத் தள்ளிவைத்தேன். "ரெண்டு பேரும்னா பேசலாம் சார். இல்லன்னா எங்க கம்பெனி எங்களுக்குக் கீது."

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள். "எனுக்காவவா வுட்டுட்டு வந்தே?"

ஆமாம் என்றிருந்தால் காலத்துக்கும் பெரிய மனுஷியாக இருந்திருப்பேன். "இல்லடி. முன்னாடியே போன்ல சொன்னான். தனியா பாடிப் பாத்தேன். முடியல."

திருத்தணியில் பஸ் நின்றதும் என் பக்கம் திரும்பினாள். "முடிஞ்சிருந்தா?" என்றாள்.

"போயிருப்பேன்."

அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பாட்டுல மொதல் வரி என்னுது" என்றாள்.

சரி என்றேன். அன்றிலிருந்து எங்கள் எல்லாப் பாட்டையும் அவள்தான் தொடங்குகிறாள்.