ஒத்திகை நோயாளி

செருப்பை ஜோடியாகச் சுவரோரம் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை இரண்டு உதறு உதறி, லிஃப்ட்காரர் சாகப் படுத்தார். காலை மணி பத்தரை.

"இன்னைக்கு எனக்கு என்ன வியாதி?"

"நுரையீரல்," என்றார் பெரிய சிஸ்டர், கையிலிருந்த தாளைப் பார்த்து.

"போன வாரமும் அதுதானே? இருமி இருமித் தொண்டை புண்ணாப் போச்சு. கிட்னி குடுங்க."

"மெதுவா இருமுங்க. படுங்க."

மூன்றாவது மாடியில், முன்பு ஏதோ அலுவலகமாக இருந்த நீளமான கூடம் அது. நடுவில் சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில், சுற்றிப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். தீராத நோயில் கிடப்பவர்களின் பக்கத்தில் உட்காரவும், முடிவு நெருங்கும்போது அவர்கள் பயமில்லாமல், நினைவோடு விடைபெறத் துணை நிற்கவும் அங்கே பயிற்சி தருகிறார்கள். பத்து வாரப் பாடம். சொல்லித் தருபவர் பெரிய சிஸ்டர். புற்றுநோய் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பாடத்துக்கு ஒரு நோயாளி வேண்டுமே? அதுதான் நம் ஆள். வாரம் இரண்டு நாள் சாகிறார். ஒரே நாளில் இரண்டு தரம் சாகச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "மனுஷன் ஒரு தடவைக்கு மேல தாங்குவானா?" என்பார்.

இந்த வேலைக்கு அவர் வந்தது ஒரு விபத்து. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பாதியில் நின்றுபோக, ரிப்பேர் பார்க்கப் பையோடு வந்தார். அன்றைக்கு நோயாளியாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. "பத்து நிமிஷம் படுத்துட்டுப் போங்க, அண்ணே," என்றார் பெரிய சிஸ்டர். படுத்தார். பயிற்சிக்கு வந்த பெண்ணொருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எதுக்கு ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி. நாற்பது நிமிஷம் பேசினார். கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் படியேறி வந்து கத்திய பிறகுதான் எழுந்தார். "காலமெல்லாம் ஜனங்களை மேல அனுப்பின மனுஷன். இதுக்கு இவரை விட்டா வேற யாரு?" என்று பெரிய சிஸ்டர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். லிஃப்ட்காரர் சிரிக்க மாட்டார்.

சிரிக்கிற மாதிரியா இருக்கிறது அவர் படும் பாடு? பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. பாங்க்கில் வேலை பார்த்த ஒருவர் உட்கார்ந்த உடனே, "நாமினி யாருன்னு எழுதி வெச்சாச்சா சார்?" என்று ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், "இப்படிக் கோணிக்கிட்டுப் படுத்தா மூச்சு எப்படி வரும்? நேராப் படுங்க," என்று அதட்டினார். இன்னொரு பெண் அழுத அழுகையில் இவரே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆகிவிட்டது. "சாகக் கிடக்கிறவன் எந்திரிச்சுத் தண்ணி எடுத்துக் குடுக்கணுமா? என்ன கொடுமை இது!"

ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவருக்கு மச்சானின் நண்பர் ஒருவர் இருப்பார். நான்காவது ஸ்டேஜ். டாக்டர்கள் கைவிட்டார்கள். ஏதோ மூலிகைச் சாறு குடித்தார். இப்போது மாரத்தான் ஓடுகிறார். "அந்த ஆளை மட்டும் நான் நேர்ல பார்த்தேன்னா காலைத் தட்டி விட்டுடுவேன்," என்பார் லிஃப்ட்காரர்.

ஆனால், "ஒண்ணும் ஆகாது சார், தைரியமா இருங்க," என்று யாராவது சொன்னால்தான் போர்வை பறக்கும். எழுந்து உட்கார்ந்துவிடுவார். "ஆகப் போகுதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சிருக்கு? இப்ப எனக்கு ரெண்டு வேலை. சாகவும் வேணும், உன் மனசு நோகாம நடிக்கவும் வேணும். போ, எந்திரி, அடுத்த ஆளை வரச் சொல்லு."

வீட்டுக்குப் போயும் அது அடங்காது. யார் எப்படிச் சொதப்பினார்கள் என்று ராத்திரிச் சாப்பாடு வரை ஓடும். அவர் மனைவிக்கு அலுத்துவிட்டது. "வாரத்துல ரெண்டு நாள் அங்க செத்துட்டு வர்றீங்க. மிச்சம் அஞ்சு நாள் இங்க என் உயிரை எடுக்கறீங்க."

அந்த மனைவியின் தம்பிக்குத்தான் கல்லீரல் போய்விட்டது.

மச்சினன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, சில வாரங்கள்தான் என்று டாக்டர்கள் குடும்பத்திடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மச்சினனின் மனைவி, அவருக்கு இது தெரியவே கூடாது என்று முடிவு செய்தாள். வெறும் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"அங்க வந்து உங்க கிளாஸை ஆரம்பிச்சுடாதீங்க," என்று கிளம்பும்போதே மனைவி எச்சரித்தாள். "இது நம்ம வீட்டு விஷயம்."

லிஃப்ட்காரருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பது வருஷம் கற்றதற்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது.

போய்ப் பார்த்தால், அந்த அறையில் மனுஷன் சாகவே இடமில்லை. வாடகைக்கு எடுத்த கட்டில், மாத்திரைப் பெட்டிகள், அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்த டிரைவிங் ஸ்கூல் பலகை, அரைமணிக்கொரு தரம் ஸ்பீக்கரில் போடப்படும் போனில் ஏதாவது ஒரு சொந்தக்காரர் சொல்லும் வைத்தியம். மச்சினன் மஞ்சளாக, வயிறு மட்டும் உப்பிக் கிடந்தார். அக்கா சமையலறைக்குப் போகும்வரை பொறுத்திருந்தார். அவர் மனைவியும் அவள் பின்னால் போனாள். கதவைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க. நான் போயிடுவேனா?"

எத்தனையோ பேரை இந்தக் கேள்வியால் திணற அடித்தவர் லிஃப்ட்காரர். எப்படிக் குரலை இறக்கிக் கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வாயைத் திறந்தார்.

"சும்மா இருடா. ஒண்ணும் ஆகாது உனக்கு. தைரியமா இரு."

அதோடு விட்டாரா? போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு உன்னைவிட மோசம். இப்ப மாரத்தான் ஓடுறார்," என்றார். மச்சினன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படியிறங்கும்போது லிஃப்ட்காரர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்ட சத்தம், கூட வந்த மனைவிக்குக் கேட்டது. "என்ன, கொசுவா?" என்றாள்.

பெரிய சிஸ்டரிடம் இதைச் சொல்ல அவருக்கு நாலு நாள் பிடித்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தார். சிஸ்டர் டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை நீங்க படுக்க வேணாம். வேற ஆள் படுக்கட்டும். நீங்க பக்கத்துல உட்காருங்க," என்றார்.

"நானா? ஒன்பது வருஷமா இங்க இருக்கேன். நான் சாகாத வியாதி உண்டா?"

"சாகத்தான் தெரியும் உங்களுக்கு. உட்காரத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை படுத்தது, முன்பு அவரை அதட்டிய அந்தத் தலைமையாசிரியை. அவர் இருமியவுடனே லிஃப்ட்காரர், "அப்படி வராது டீச்சர். அடிவயித்துலேர்ந்து வரணும்," என்று திருத்தினார். தலைமையாசிரியை ஒரு கண்ணைத் திறந்து, "இப்ப நீங்க யாரு? எனக்குத் துணையா வந்தவரா, இல்ல பரீட்சை வைக்க வந்தவரா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. இரண்டாவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்து பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, தன் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷனின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டமா? இத்தனை வருஷமாக இதற்குத்தானா எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தோம்?

மூன்றாவது தரம் தலைமையாசிரியை கேட்டார்: "நான் போயிடுவேனா?"

லிஃப்ட்காரருக்கு, "ஒண்ணும் ஆகாது," என்பது வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினார். "உங்களுக்கு என்ன தோணுது?" என்றார்.

தலைமையாசிரியை கண்ணைத் திறக்கவில்லை. நோயாளியின் குரலில் இல்லாமல் தன் சொந்தக் குரலில் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் இதை ரெண்டு தடவை கேட்டார். நான் ரெண்டு தடவையும் மாத்திரை எடுத்துக் குடுத்தேன்."

லிஃப்ட்காரர் வகுப்பு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பஸ் ஏறினார்.

மச்சினன் விழித்துத்தான் இருந்தார். வீட்டில் அவர் மனைவி மட்டும் சமையலறையில் இருந்தாள்.

"மாப்ளே, அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"எது? மாரத்தானா?"

"எல்லாமே."

"அது அப்பவே தெரிஞ்சுதே." மச்சினனுக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்குப் பொய் வராது அத்தான். இந்த வீட்டுல யாருக்குமே வரல. காமாலைக்காரனைப் பார்க்கவா வெளியூர்லேர்ந்து எல்லாம் லீவு போட்டுட்டு வருவாங்க?"

லிஃப்ட்காரர் பேசாமல் இருந்தார். இந்தத் தரம் நாக்கு தானாகவே அடங்கிக் கிடந்தது. மச்சினன்தான் பேசினார், விட்டு விட்டு. வலிக்கு மருந்து கொடுக்கட்டும், ஆனால் ஆள் தெரியாத அளவுக்கு வேண்டாம். மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். "யாரு வர்றா, யாரு போறான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியணும். நான் ஓட்டிக்கிறேன். நீங்க பக்கத்து சீட்ல சும்மா உட்காருங்க, போதும். எட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்காதீங்க. அப்புறம், போற நேரத்துல காதுகிட்ட வந்து யாரும் கத்தக் கூடாது. முக்கியமா எங்க அக்கா."

"அதை அவகிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான்."

"அதுக்கு உனக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடலாம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் வாரக்கணக்காகக் கேட்காத சத்தம். மச்சினன் மனைவி கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"என்ன சிரிப்பு?"

"வா, உட்காரு," என்றார் மச்சினன்.

"அடுப்புல பால் இருக்கு."

"அணைச்சுட்டு வா."

அவள் போகவில்லை. லிஃப்ட்காரரைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா, அண்ணே?"

"நான் சொல்லல தங்கச்சி. அவனுக்கே..."

"உங்களை யாரு இங்க வரச் சொன்னது?" என்று கத்தினாள். உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைந்த வாடை வந்தது.

நாலு நாள் அவள் லிஃப்ட்காரரோடு பேசவில்லை. வீட்டில் அவர் மனைவியும் பேசவில்லை. லிஃப்ட்காரர் முணுமுணுத்துக்கொண்டே தினமும் காலையில் போனார். மச்சினன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டே கதவைத் திறந்தாள். பெரிய சிஸ்டர் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார். வலி அடங்கியும் நினைவு தப்பாமலும் இருக்கும்படி அவர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். சொந்தக்காரர்களின் போனை லிஃப்ட்காரர் வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே பதில்: "வைத்தியம் முடிஞ்சுடுச்சு. வந்து பாருங்க, சத்தம் போடாம பாருங்க." அக்கா வந்தாள். கத்தவில்லை. தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவன் பாதத்தைத் தேய்த்துவிட்டுப் போனாள். அன்று இரவு கணவனுக்குச் சோறு போடும்போது, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள்.

மச்சினன் மனைவி மட்டும் உட்காரவே இல்லை. துடைத்தாள், அலசினாள், மருந்து அளந்தாள், தரையைக் கூட்டினாள், கூட்டிய தரையை மறுபடி கூட்டினாள். "கொஞ்சம் இங்க வா," என்று மச்சினன் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது. லிஃப்ட்காரருக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் மண்டியது. வகுப்பாக இருந்திருந்தால் எப்போதோ போர்வையை வீசியிருப்பார்.

பால் பொங்கிய நாளிலிருந்து பதினோராவது நாள்தான் கடைசி நாள். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் பாதிவரை வந்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மச்சினன் கண்ணைத் திறந்தார். லிஃப்ட்காரரைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது. அவரைத் தாண்டி வாசல் பக்கம் கண் போனது.

அங்கே அவள் நின்றுகொண்டிருந்தாள். துவைத்துக் காய்ந்த துண்டுகளை ஒரு ஸ்டூல் மேல் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

சொல்வதற்கு லிஃப்ட்காரரிடம் ஒன்பது வருஷத்துப் பாடம் இருந்தது. எழுந்தார். வாசலுக்குப் போய் அவள் கையிலிருந்த துண்டை மெல்ல வாங்கிக்கொண்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கட்டிலை நோக்கி நடந்தாள். அவர் அறைக்கு முதுகைக் காட்டி நின்று, மீதித் துண்டுகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.