மாற்றி எடுத்த வாக்குத்தத்தம்

சீட்டை மாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்ற இரண்டு விநாடிகூட ஆகவில்லை. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்து, அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனத்தை எடுக்க வரிசையில் நின்றோம். தட்டில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஆளுக்கு ஒன்று, ஜெபித்துவிட்டு எடுப்போம். எது வருகிறதோ, அதுதான் அந்த வருஷம் ஆண்டவர் நமக்குச் சொல்வது. வர முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்து ஒருவர் எடுத்துப் போகலாம். அம்மாவுக்காக நான் எடுத்தேன்.

முதல் வரியில் தண்ணீர். கண் கீழே ஓடியது, நெருப்பு. அவ்வளவுதான் பார்த்தேன். அம்மாவின் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று தில்லை நகர் டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்குத் தண்ணீரையும் நெருப்பையும் எப்படிக் கொண்டுபோவது? சீட்டை பஸ் பாஸ் உறைக்குள் செருகினேன். சீட்டுகளை அச்சடித்து வெட்டியதே எங்கள் வாலிபர் கூட்டம்தான். சுகம் தருவேன் என்ற வசனம் பச்சை அட்டையில் இருப்பது எனக்குத் தெரியும். கூட்டம் கலைந்ததும் பச்சைகளாகப் புரட்டினேன். நாலாவதில் கிடைத்தது.

அம்மா அதைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொன்னாள். அழுதாள். நானும் அழுதேன், ஜெயித்துவிட்ட மாதிரி.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. எம்.எஸ்சி. படிக்கிறேன் என்ற திமிர் வேறு. ஆராய்ச்சிக் கட்டுரைகளாகத் தேடிப் படித்தேன், வெளியூர் டாக்டர்களுக்கு ரிப்போர்ட் அனுப்பினேன், யாரோ சொன்னார்கள் என்று கோதுமைப்புல் அரைத்தேன்.

"கொஞ்சம் உக்காருடி. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"மிக்ஸிய நிறுத்திட்டுக் கேளு."

நிறுத்தினேன். "எனக்கு ஒருவேளை..." என்று ஆரம்பித்ததுமே சுவரைக் காட்டினேன்.

"அங்க என்ன எழுதியிருக்கு? அப்புறம் என்ன ஒருவேளை, கிருவேளை? அவிசுவாசமா பேசாத."

அம்மா சிரித்தாள். "சரிங்க பாஸ்டரம்மா."

மிக்ஸியை மறுபடி போட்டேன்.

ஜூன் மாதம், காவிரியில் தண்ணீர் வந்து சேரும் முன்பே அம்மா போய்விட்டாள்.

அதற்குப்பின் ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் அந்தப் பச்சை அட்டைதான் முன்னால் வந்தது. கைவிட்டுவிட்டீரே என்று கோபப்படவும் எனக்கு வழியில்லை. சுகம் தருகிறேன் என்று அவர் எங்கே சொன்னார்? சொன்னது நான். அவர் பெயரில்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மாடியில் வீட்டுக்கார மாமி. அம்மா வயதுதான். ஒரு நாள் எங்கள் டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க இறங்கி வந்தவர், சுவரில் பச்சை அட்டை இருந்த இடத்தில் டேப் உரிந்த தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மத்தியானமெல்லாம் நீ காலேஜ் போயிடுவியா, உங்கம்மா என்னைக் கூப்பிடுவா. பயமா இருக்கு மாமிம்பா. குழந்தைட்ட சொல்லப்படாதோன்னேன். ஐயோ, அது சுவத்தைக் காட்டிடும்னா."

மாமி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சாகறதுக்கு பயமில்லடி அவளுக்கு. அந்த நேரத்துல யாருமில்லாம தனியாப் போகணுமேன்னுதான். நான் கையைப் பிடிச்சுண்டு உக்காந்திருப்பேன். அவ உங்க சாமியைக் கூப்பிடுவா, நான் பெருமாளைக் கூப்பிடுவேன். அப்படியே தூங்கிப்போயிடுவா."

மறுநாள் காலேஜுக்குப் போகும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ நெரிசல். பாஸ் உறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் கடைசி வரி வரை படித்தேன். தண்ணீரைக் கடக்கும்போதும், நெருப்பில் நடக்கும்போதும், நான் உன்னோடு இருப்பேன் என்பதுதான் அதன் சாரம். தண்ணீரே வராது என்று அதில் இல்லை. அம்மா கேட்டது எதுவோ அதுவேதான் அதில் இருந்தது. நான் அதைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் இந்தப் பாலத்தில் போய் வந்துகொண்டிருந்தேன்.

குனிந்து அழுதேன். பக்கத்து சீட் அக்கா, "வாந்தி வருதாம்மா? ஜன்னல் பக்கம் வாங்க" என்று எழுந்து இடம் விட்டார்.

ஜன்னலில் தலையைச் சாய்த்து, ஆண்டவரே, மாத்திட்டேன், மன்னிச்சிருங்க என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நான் ஒளித்துவைத்ததை அவர் மாடிப்படி வழியாக அம்மாவிடம் அனுப்பியிருக்கிறார். அதை நினைத்ததும் மாதக்கணக்கில் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று எனக்குள் கையை விட்டது. சமாதானம் என்று சபையில் சொல்வோமே, அது இதுதான் என்றால், அது வந்த பிறகும் வலித்தது. அம்மா பிடித்துக்கொண்ட கை என்னுடையதாக இருந்திருக்கலாம்.

அப்பாவுக்குத் திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை. அடக்கம் முடிந்ததிலிருந்து டி.வி.யைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை, "உங்கம்மா இருந்தா..." என்று ஆரம்பித்தார். இரண்டு தடவையும், டீ போடட்டுமாப்பா என்று எழுந்துவிட்டேன்.

இன்றைக்கு ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருவார். சீட்டை அவர் கையில் கொடுத்து, நான் செய்ததைச் சொல்லப்போகிறேன். திட்டினால் திட்டட்டும். அதன்பிறகு அவர், "உங்கம்மா..." என்று ஆரம்பித்தால், முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடிகிறதா, பார்க்கவேண்டும்.