பசுவுக்குப் போட்ட மூட்டம்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் கரங்கானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் இருந்தோம். அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. ஆறு மாதத் தம்பிக்கு எங்கள் சிவப்புப் பசுவின் பால்தான் ஆகாரம். எனக்கு எட்டு வயது.

அந்தப் பசுவைப் பாடாய்ப் படுத்தியது மாட்டு ஈ. தட்டினாலும் போகாது, கடித்த இடத்தில் ரத்தம் கோடாக வழியும். ஈ மொய்த்தால் பசு உதைக்கும், பாலும் குறையும். அதனால் அம்மா தினமும் கொட்டகையில் மூட்டம் போடுவார். தேங்காய் மட்டையில் நெருப்பு, மேலே காய்ந்த சாணம், அதன்மேல் பச்சை வேப்பிலை. எரியக் கூடாது, புகைய வேண்டும். பார்த்துப் பார்த்தே நானும் கற்றிருந்தேன்.

ஒருநாள் அம்மா மூட்டத்தை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "மட்டையெல்லாம் ஈரமா கெடக்குடி" என்றார். நான்கே நாளில் பசுவின் கழுத்திலும் மடியிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சாணம் அப்பிய தொடையைக்கூட அம்மா கழுவவில்லை. கறிக்கு மாடு பிடிக்கும் லாரி தோட்டம் தோட்டமாக வருகிறது என்ற செய்தி பெரியவர்களோடு நின்றிருந்தது. பிள்ளைகள் வாய் சும்மா இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

ஐந்தாம் நாள் அம்மா மரவள்ளி நடப் போய்விட்டார். தம்பி தூளியில் தூங்கிய நேரம் பார்த்து விறகைப் புரட்டினேன். அடியில் மட்டைகள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. மூட்டம் போட்டேன். தொட்டித் தண்ணீரை ஊற்றிப் பசுவைத் தேய்த்துக் கழுவினேன். கறை போனதும் புண்கள் நான் நினைத்ததைவிடச் சிறியவையாக இருந்தன. பசு நிம்மதியாக அசைபோட்டது.

மதியம் லாரி வந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இரண்டு ஜப்பான் சிப்பாய்களோடு இறங்கினார். பக்கத்து வீட்டு மாடு ஈ மொய்த்து நின்றது. "சாக்கிட், துவான். சீக்கு மாடு" என்று சிப்பாய்களிடம் சொல்லிக் கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டார். சிப்பாய்கள் நகர்ந்தார்கள். எங்கள் கொட்டகைக்கு வந்தவர் அதையே சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு பாப்பா இத கழுவுனது?"

"நான்தான்லா கிராணி ஐயா! பாருங்க, ஒரு ஈ இல்ல."

ஒரு சிப்பாய் பசுவின் முதுகைத் தட்டிச் சிரித்தான். எங்கள் லயத்தில் எங்கள் பசுவை மட்டும்தான் ஏற்றினார்கள். நல்ல மாடு என்று யாருக்கோ காட்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள் என நினைத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்து வெறும் முளைக்குச்சியைப் பார்த்தார். மூட்டம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தம்பி அழுதான்.

"மட்டை ஏதுடி?"

"வெறகுக்கு அடியில. நல்லா காஞ்சுதான் இருந்துச்சு. நீதான் சரியா பாக்கல."

அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஆமாடி. நான்தான் சரியா பாக்கல."

அன்று முதல் தம்பிக்கு மரவள்ளிக் கஞ்சி. அம்மா தன் தவறை ஒப்புக்கொண்டதில் எனக்குத் திருப்தியாக இருந்தது.