பிள்ளை படித்துச் சொன்ன கடிதம்

பாலக்காட்டுக்குப் பக்கம், கஞ்சிக்கோட்டுப் பள்ளியில் எனக்கு வாரம் இரண்டு நாள். மற்ற நாட்களில் வேறு இரண்டு பள்ளிகள். வேலைக்குப் பெயர் மனநல ஆலோசகர். பிள்ளைகளுக்கு நான் கவுன்சிலர் டீச்சர். விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில் பாதியை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். கிழிந்த கைப்பந்து வலையும் நானும் ஒரே அறையில் குடித்தனம்.

அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு இங்கே ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை கிடைத்து, இரண்டு பேரும் பீர்மேட்டு மலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா அங்கேயே இருந்தார். பாலக்காட்டு வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவள் பைக்குள் ஒரு ஸ்வெட்டர் இருக்கும். மதியச் சோற்றை அளைந்துவிட்டுக் கொட்டுகிறாள், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று வகுப்பு டீச்சர் என்னிடம் அனுப்பினார்.

மூன்று வாரம் உட்கார்ந்து படம் வரைந்தாள். தேயிலை, தேயிலை, மறுபடியும் தேயிலை. எனக்கோ பொறுமை குறைவு. பச்சைப் பென்சில் தீர்ந்தாலும் தீரும், இவள் வாய் திறக்க மாட்டாள் போலிருந்தது.

"ஏங் கண்ணு, மனசுல என்ன இருக்குதுன்னு சொன்னாத்தான தெரியும்?" என்று கேட்டேவிட்டேன்.

"அப்பாவத் தேடுது டீச்சர்," என்றாள். அவர்கள் ஊர்ப் பேச்சில் தேடுவது என்றால் ஏங்குவது. அப்புறம் அவசரமாக, "அம்மாட்ட சொல்லிராதீங்க. பாவம்."

"நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீ பயப்படாத சாமி."

பக்குவம்! என் பக்குவத்தை நீங்களே பாருங்கள். பெற்றோரை அழைக்க அச்சடித்த படிவம் இருக்கிறது. காரணம் எழுத இரண்டு வரி இடம். எல்லையோர எருத்தேன்பதியில் தமிழ் பேசி வளர்ந்தவள்தான் நான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பேனாவை எடுத்தால் ஆபீஸ் மலையாளம்தான் வரும். தகப்பனைப் பிரிந்த ஏக்கத்தில் குழந்தை வாடுகிறது, தாயிடம் பேச வேண்டும் என்று மலையாளத்தில் அழகாக எழுதி, கவரில் போட்டு ஒட்டி, அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத்துத் தெரியாது. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெண்தான் என்பது என் படித்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த வாரம் அம்மா வந்தார். ஷிப்டை விட்டுவிட்டு ஓடிவந்த அவசரம். கையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"கோயம்புத்தூருக்கே கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டேன் டீச்சர். கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாங்க. போர்டு தெரியலன்னு நீங்க எழுதியிருக்கறதா புள்ள படிச்சுச் சொன்னாளே?"

அப்போதுதான் புரிந்தது. அம்மா முன்னால் கடிதத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, தன் ஏக்கத்தைத் தானே கண்ணால் படித்துவிட்டு, வாயால் வேறொன்றைச் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுத்தது நான்.

இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. பெண்ணை வகுப்பிலிருந்து வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எழுதியிருந்ததை அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எனக்கு மட்டும் தேடலையா டீச்சர்?" என்றார். "போன் வந்தா இவகிட்டக் குடுத்துட்டுப் பாத்திரம் கழுவப் போயிருவேன். அவரு குரலக் கேட்டா அழுதிருவேன். நான் அழுதா இவ உடைஞ்சிருவாளேன்னு..."

பெண் அம்மாவையே பார்த்தாள். "நீ கோவத்துல அப்பாகிட்டப் பேசலன்னுல்ல நெனச்சேன்."

ஒரே அறையில் படுத்துக்கொண்டு, ஒரே ஆளுக்காக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஏங்கியிருக்கிறார்கள். நான் படித்த படிப்பில் இதற்கெல்லாம் வார்த்தைகள் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் எனக்கே என் அம்மா வேண்டும் போலிருந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அவரு வேலைய விட்டுட்டு வந்தா எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க டீச்சர். அதுக்குத்தான் ஒத்தையில கெடக்காரு. போனாப் போகுது, வரச் சொல்லிரட்டுமா?"

பெண் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா. வீடும் போயிருச்சுன்னா, நாம எங்கம்மா திரும்பிப் போறது?"