வின்மெயின் எங்கே கிடைக்கும், மிஸ்?

நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் முதல் மூன்று வாரம் யாரும் நிரல் எழுதுவதில்லை. அதற்கு வேண்டிய கருவிகளை லேப்டாப்பில் ஏற்றுவதிலேயே அந்த நாட்கள் போய்விடும். நீங்களும் அந்த வழியாக வந்தவர் என்றால், இதைப் படிக்கும்போதே உங்களுக்குக் கழுத்து வலி திரும்பியிருக்கும்.

நான் மலேசியாவில் உலு யாம் என்ற ஊர்க்காரி. ஏழு வருஷமாகக் கோலா குபு பாருவில், ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் சி மொழி சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு. வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ரவாங் பக்கமிருந்து ரயிலில் வருவார்கள், தோட்டத்துப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் நான் "மிஸ்".

எழுதிய நிரல் ஓடுவதற்கு முன்னால் இரண்டு இடத்தைத் தாண்ட வேண்டும். முதலில் கம்பைலர்; அது நாம் எழுதியதில் இலக்கணம் சரியா என்று பார்க்கும். அடுத்தது லிங்கர், நிரலின் துண்டுகளை எல்லாம் ஒன்றாக இணைக்கும். நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒன்று எங்கேயும் கிடைக்காவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிடும். கம்பைலராவது எந்த வரியில் தப்பு என்று விரலை வைத்துக் காட்டும். லிங்கர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். என் தலையில் இருக்கும் நரைக்கு அதுதான் பொறுப்பு.

இல்லாத வின்மெயின்

கலைச்செல்வி சுங்கை சோவிலிருந்து வந்தவர். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஐந்தாவது சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, நின்றுவிடலாம் என்று முடிவு பண்ணித்தான் வந்திருக்கிறார்.

"வின்மெயின்னு ஒண்ணு என் லேப்டாப்ல இல்லையாம் மிஸ். நெட்ல தேடிப் பார்த்துட்டேன். எங்க டவுன்லோட் பண்றது? கம்பைலரை மூணு தடவை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டாச்சு. எனக்கு இது வராது போல."

வின்மெயின் என்பது இறக்கிக்கொள்ளும் பொருள் இல்லை. எந்த நிரலும் 'மெயின்' என்ற இடத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். அந்த மெயின் கண்ணில் படாதபோது விண்டோஸ் லேப்டாப்பில் இருக்கும் லிங்கர் இப்படி ஒரு பெயரைச் சொல்லிப் புலம்பும். ஆனால் கலைச்செல்வியின் திரையில் மெயின் இருந்தது. அறுபது வரி, அழகாக, ஒரு அரைப்புள்ளிகூட விடாமல் எழுதியிருந்தார். நானும் இரண்டு முறை படித்துவிட்டு விழித்தேன். பிறகுதான் மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டது. ஃபைலை அவர் சேமிக்கவே இல்லை. திரையில் அறுபது வரி இருந்தாலும் லிங்கருக்குப் போனது வெறும் காலி ஃபைல். சேமிக்கச் சொன்னேன். நிரல் ஓடியது. அவர் அந்தப் புள்ளி இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "மூணு நாளா நான் அழுதது இந்தப் புள்ளிக்கா மிஸ்?"

கடைசி வரி

வாட்ஸ்அப்பில் பிழையைப் படமெடுத்து அனுப்புகிற மாணவர்கள் எல்லாரும் ஒரே வரியைத்தான் அனுப்புவார்கள்: "எல்டி ரிட்டர்ன்ட் ஒன் எக்ஸிட் ஸ்டேட்டஸ்." லிங்கர் தோற்றுவிட்டது என்பதற்கு மேல் அதில் ஒரு சங்கதியும் கிடையாது. காரணம் அதற்கு மேல் வரியில் இருக்கும். மேல் வரியை அனுப்புங்கள் என்று நான் கேட்காத வாரமே இல்லை.

ஒருமுறை பேட்டரி கடை வைத்திருக்கும் குணா அதே வரியை மூன்று கோணத்தில் படமெடுத்து அனுப்பினார். மேலே இருப்பதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். பதில் குரல் செய்தியாக வந்தது. "கடைசி வரில ஒரு நம்பராச்சும் இருக்கு மிஸ், மேல இருக்கிறது எல்லாம் வெறும் எழுத்து லா."

ஒரே ஃபோல்டரில் கணவனும் மனைவியும்

சரவணனும் புஷ்பாவும் கணவன் மனைவி. அவர் பள்ளி பஸ் ஓட்டுகிறார், அவர் மனைவி கிளினிக்கில் வேலை செய்கிறார். இருவரும் ஒன்றாகச் சேர்ந்து படிக்க வந்தார்கள், ஒரே லேப்டாப்போடு. முதல் மாதம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், ஒரு சனிக்கிழமை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். லேப்டாப் நடுவில் யாரும் இல்லாத மேசையில் இருந்தது. நான் கவலையோடு புஷ்பாவிடம் போய்க் கேட்டேன்.

சரவணனின் நிரல் போன வாரம் வரை ஓடியதாம். இந்த வாரம் ஓடவில்லையாம். புஷ்பாதான் கையை வைத்துக் கெடுத்துவிட்டார் என்பது அவர் கட்சி. லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். மெயின் இரண்டு இடத்தில் இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டு நின்றிருந்தது லிங்கர். இருவரும் தங்கள் வீட்டுப்பாடத்தை ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தார்கள். ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து இணைக்கும்படி அந்த லேப்டாப்பைச் செட் பண்ணிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். முதல் நாள் அவசரத்தில் செய்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லி, ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிரலும் ஓடின.

சரவணன் தலையைச் சொறிந்துகொண்டு, "பசியாறிட்டு வரலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். புஷ்பா எழுந்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "நான் தொடலன்னு ஒரு வாரமா சொல்றேன் மிஸ், கம்ப்யூட்டர் சொன்னாத்தான் நம்புறாரு."

அனுமதி கேட்டு ஒரு கடிதம்

அந்தோணிசாமி அங்கிள் பாதுகாவலர் வேலை பார்க்கிறவர். ஒரு நாள் இடைவேளையில் அவரைக் காணவில்லை. தேடிப் போனால், கீழே வரவேற்பறையில் உட்கார்ந்து மையத் தலைவருக்கு மலாயில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மரியாதையான கையெழுத்து, மேலே தேதி, கீழே கையொப்பம். விஷயம்: நிரலை இயக்க அனுமதி வேண்டுதல்.

லிங்கர் அவருக்கு "பெர்மிஷன் டினைட்" என்று காட்டியிருந்தது. பதிவு செய்யும்போது ஏதோ ஒரு விண்ணப்பப் பாரத்தை நிரப்ப விட்டுவிட்டோம் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில், அவர் முதலில் ஓடவிட்ட நிரல் இன்னொரு ஜன்னலில், உங்கள் வயது என்ன என்று கேட்டுவிட்டு அப்படியே காத்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேல் புதிதை எழுத லிங்கருக்கு அனுமதி இல்லை. பழைய ஜன்னலைக் கண்டுபிடித்து மூடினேன், எல்லாம் சரியாயிற்று. கடிதம் எழுதியது வீணாகிவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். அவர் அதை மடித்து உறையில் போட்டார். "பரவால்ல மிஸ், குடுத்து வச்சிடுறேன், பின்னாடி வேற எதுக்காச்சும் அனுமதி தேவப்படும்."

நூற்று முப்பத்தெட்டு

சுகுமாறன் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தார். பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கிற பெரிய கலன்கள் அங்கே உண்டு. கால் மணிக்கு ஒருமுறை இரும்புப் படி ஏறி, கலனின் வெப்பத்தைப் பார்த்து, கீழே வந்து நோட்டில் எழுத வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்படி ஏறி இறங்கியதில் அவருடைய வலது முழங்கால் போய்விட்டது. வகுப்புக்கு வரும்போது எங்கள் மாடிப்படியையே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்.

அவருடைய இறுதித் திட்டம் அந்த வெப்பத்தைக் கீழே இருந்தபடியே லேப்டாப்பில் காட்டும் நிரல். நிர்வாகி பார்க்கச் சம்மதித்திருந்தார். சரியாக வந்தால் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றுவதாகவும் சொல்லியிருந்தார். எங்கள் மையத்துக் கணினியில் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது. செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஆலையிலிருந்து ஃபோன் பண்ணினார். ஆலை லேப்டாப்பில் லிங்கர் இணைக்க மாட்டேன் என்கிறதாம். மூன்று மணிக்கு நிர்வாகி வருகிறாராம்.

வெப்பத்தை அளக்கும் கருவியோடு லேப்டாப் பேசுவதற்கு ஒரு தனி நூலகம் வேண்டும். நூலகம் என்றால் வேறு யாரோ எழுதிவைத்த நிரல் துண்டுகள். அதன் பழைய முப்பத்திரண்டு பிட் பதிப்பு ஆலை லேப்டாப்பில் கிடந்தது, கம்பைலரோ அறுபத்து நான்கு பிட்; இரண்டும் ஒட்டாது. அதை மாற்றச் சொன்னேன், மாற்றினார். மறுபடி பிழை. நூலகத்தில் இருக்கும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை என்று பத்து வரி. மணி இரண்டு நாற்பது. "நீங்க தட்டுற கட்டளைய ஒவ்வொரு சொல்லா படிங்க," என்றேன். படித்தார். நூலகத்தின் பெயர் முதலில் வந்தது, அவருடைய ஃபைல் பெயர் பிறகு வந்தது.

இந்த லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். நூலகத்தைப் பார்த்த நேரத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை, அதனால் தாண்டிப் போய்விட்டது. தேவைப்பட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. "நூலகத்து பேர கடைசில போடுங்க," என்றேன். தட்டும் சத்தம் கேட்டது. "நூத்தி முப்பத்தெட்டு காட்டுது மிஸ்," என்றார் மெதுவாக. சரியா என்று கேட்டேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஃபோனை வைத்தார்.

வேலை மாற்றம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, அடுத்த மாதமே. ஆனால் எனக்கு மனத்தில் நிற்பது, பத்து நிமிஷம் கழித்து மூச்சிரைக்க அவர் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதுதான். "மேல மீட்டர்லயும் அதே நூத்தி முப்பத்தெட்டு மிஸ், இனிமே நான் ஏறத் தேவையில்ல."

பெரிய ஜே, சின்ன ஜே

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை வகுப்பில் இருந்த பதினான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே லிங்கர் பிழை வந்தது. "கிராஜும்லா" என்ற பெயர் கிடைக்கவில்லை. மொத்தத்தைக் கணக்கிடு என்று மலாயில் நான் வைத்த பெயர் அது. நான் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். பதினான்கு பேருக்கும் வந்தால் கணினிகளில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டி, மாணவர்களைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் கம்பைலரை அழித்துத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தேன். ஒன்பதாவது கணினியில் இருக்கும்போது எங்கள் அலுவலகக் குமாஸ்தா காக் நோர்மா, அதாவது நோர்மா அக்கா, வருகைப் பதிவேட்டை வாங்க வந்தார். அவருக்கு நிரலில் ஒன்றும் தெரியாது. மேசையில் கிடந்த என் தாளை எடுத்துச் சும்மா படித்தார்.

"இங்கே பெரிய ஜே, கீழே சின்ன ஜே," என்றார். பார்த்தேன். கூப்பிடும் இடத்தில் ஒரு மாதிரியும் எழுதிய இடத்தில் வேறு மாதிரியும் அடித்திருந்தேன். லிங்கருக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். காக் நோர்மா தாளை என் முன்னால் வைத்துவிட்டு மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அடையாளக் கார்டுல இருக்கிற பேருக்கும் பாரத்துல இருக்கிற பேருக்கும் ஓர் எழுத்து மாறியிருந்தாலே நான் திருப்பி அனுப்பிடுவேன், உன் கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் வேலை செய்யுது."

இத்தனை பட்ட பிறகும், புதிதாக ஒரு லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு முதல் முறை ஓட்டிப் பார்க்கும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். பிழைச் செய்தி அங்கே தமிழிலேயே வந்துவிடுகிறது.